இஸாமுக்கு இரண்டாவது துக்கம்

மால்மோ, ஸ்வீடன். 2009 பிப்ரவரி 12, வியாழக்கிழமை மாலை. நாடிழந்து அங்கே வாழும் அரபுக் கவிஞர் ஜவ்தத்தின் வீட்டுக்கு நண்பர் ஷுக்ரி வந்திருந்தார்.

ஷுக்ரி: காபிக்குச் சர்க்கரை எங்கேப்பா?

ஜவ்தத்: இன்னைக்குச் சர்க்கரை கிடையாது.

ஷுக்ரி: டாக்டர் உனக்குத்தானே வேண்டாம்னார்? எனக்கென்ன...

ஜவ்தத்: அப்படியே குடி.

ஷுக்ரி: அப்புறம் குடிக்கிறேன். சீட்டு ஆடலாம்னு வந்தேன். நீ என்னடான்னா கூடம் பூரா நாற்காலி போட்டு வச்சிருக்கே. கவியரங்கமா?

ஜவ்தத்: கவியரங்கத்துக்கு இப்ப யார் வர்றா?

ஷுக்ரி: நான் வரலையா? போன தடவை ரெண்டாவது வரிசையில...

ஜவ்தத்: குறட்டை விட்டே.

ஷுக்ரி: கண்ணை மூடி ரசிச்சேன். அது என்ன தட்டுல... பேரீச்சம்பழமா? கசப்புக் காபி, பேரீச்சம்பழம், சுவரோரமா நாற்காலி... நம்ம ஊர்த் துக்க வீடு மாதிரியில்ல இருக்கு?

ஜவ்தத்: துக்க வீடுதான். மூணாம் நாள்.

ஷுக்ரி: யாருக்கு?

ஜவ்தத்: என் தம்பிக்கு. இஸாமுக்கு.

ஷுக்ரி: இஸாமுக்கு எண்பத்திரண்டுலயே துக்கம் கேட்டாச்சேப்பா. போர்ல பெய்ரூத்தை விட்டுக் கப்பல்ல துனிஸ் வந்து இறங்கினோம், கொஞ்ச நாள்ல சேதி வந்துது. நீ அந்தக் கவிதையை எழுதினே. உனக்குக் குரல் வரலைன்னு மேடையில நான்தானே படிச்சேன்? "சட்டையை மடித்து வைத்தேன், உள்ளே தோள்கள் இல்லை..."

ஜவ்தத்: நிறுத்து.

ஷுக்ரி: அதைக் கேட்டு அழாதவன் உண்டா?

ஜவ்தத்: அவன் அழலை. சிரிச்சான்.

ஷுக்ரி: யாரு?

ஜவ்தத்: இஸாம். குண்டு விழுந்து நம்ம அகதி முகாம் தரைமட்டமானப்ப செத்தவங்க பேரோட அவன் பேரையும் சொல்லிட்டாங்க. அவன் சிறையில இருந்திருக்கான். ஒரு வருஷம் கழிச்சு வெளியில வந்து லிபியாவுக்குப் போனான். அங்கேர்ந்து போன்ல முதல் பேச்சே, "அண்ணே, அந்தச் சட்டையை அனுப்பி வை, குளிருது."

ஷுக்ரி: நீ ஏன் ஊருக்குச் சொல்லலை?

ஜவ்தத்: அதுக்குள்ள அந்தக் கவிதை பாட்டாயிடுச்சே. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மனப்பாடம் பண்ணுதுங்க. சுவரொட்டியில அவன் முகம். நான் போய், இல்லைங்க, தம்பி நல்லா இருக்கான், மீன் வறுத்து விக்கிறான்னு... அவனே சொன்னான், "விடுண்ணே, செத்தவனை எவனும் தேடிப் பிடிச்சுட்டுப் போக மாட்டான்."

ஷுக்ரி: இப்ப...

ஜவ்தத்: செவ்வாய்க்கிழமை. மாரடைப்பு. அவன் பெண்டாட்டி நவால்தான் போன் பண்ணினா. லிபியா போக எனக்கு விசா தர மாட்டாங்க. இங்கேயே உட்கார்ந்துட்டேன். பள்ளிவாசல்ல அறிவிப்பும் ஒட்டினேன்.

ஷுக்ரி: யாரும் வரலையா?

ஜவ்தத்: ரெண்டு பேர் போன் பண்ணினாங்க. "இந்த வருஷமும் நினைவுநாளா ஐயா? என்ன கவிதை அது!"ன்னாங்க. சங்கத்துல நாற்காலி குடுத்தவன், கூட்டம் முடிஞ்சதும் துடைச்சுக் குடுங்கன்னான். உட்கார்ந்தாத்தானே துடைக்க?

ஷுக்ரி: ஒரு கவிதை எழுதேன்... புதுசா.

ஜவ்தத்: எழுத வரலைடா. அவனுக்கு அழவேண்டியதையெல்லாம் அவன் உயிரோட இருக்கப்பவே அழுது முடிச்சுட்டேன். இப்ப கவிதை எதுக்கு? ஒருத்தன் வந்து, இந்தக் கசப்பைக் குடிச்சுட்டு, "அவன் மிச்ச ஆயுசு உனக்கு"ன்னு சொல்லிட்டுப் போனாப் போதும். எல்லாருக்கும் சொல்ற வார்த்தைதான். மூணு நாளும் கதவைத் திறந்து வச்சிருந்தேன்.

ஷுக்ரி: அதான் இந்தக் குளிரா.

ஜவ்தத்: பொழுது சாஞ்சாச்சு. மூணு நாளோட சரி, இனிமே துக்கம் கேட்க யாரும் வரக்கூடாது. கதவைச் சாத்து.

ஷுக்ரி: இருக்கட்டும்... கொஞ்ச நேரம்.

ஜவ்தத்: என்னடா, நான் இவ்வளவு சொல்றேன், உனக்கு ஆச்சரியமாவே இல்லையா? சரி விடு. சீட்டை எடு, ஒரு ஆட்டம் ஆடுவோம்.

ஷுக்ரி: சீட்டுக் கொண்டு வரலை.

ஜவ்தத்: சீட்டு ஆடத்தான் வந்தேன்னே?

ஷுக்ரி: நவால் எனக்கும் போன் பண்ணினா, செவ்வாய்க்கிழமையே. எண்பத்தஞ்சுல லிபியாவுக்குப் போனப்ப திரிப்போலியில இஸாம் கடையில மீன் தின்னிருக்கேன். "உனக்குத் தெரியும்னு அண்ணனுக்குத் தெரிய வேணாம், கூசிப்போயிடுவான்"னான். நீயா வாய் திறந்து சொல்லணும்னு ரெண்டு நாள் வீட்டுல உட்கார்ந்திருந்தேன். இன்னைக்கு விட்டா நாளில்லை, அதான் வந்துட்டேன்... அந்தக் கப்பை இப்படிக் குடு. ஆறினாப் பரவாயில்லை. அவன் மிச்ச ஆயுசு உனக்கு, ஜவ்தத்.