பர்மாப் படக் கொட்டகை

எங்கள் கம்பம் ஊர்ப்பக்கம் படம் எடுக்க நிற்கும்போது யாரும் சிரிக்க மாட்டார்கள் அய்யா. கோர்ட்டில் கூண்டேறியவர் மாதிரி விறைத்துக்கொள்வார்கள். பர்மாக்காரர்கள் அப்படியில்லை. வாயிலிருந்த சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்நாளும் பழகியவர்போலச் சிரிப்பார்கள். ரங்கூனில் இருந்த காலமெல்லாம் அந்தச் சிரிப்பைத்தான் கேமராவில் எடுத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ஞானசிகாமணி. புகார் கொடுத்தவன் நான்தான். வீரபாண்டித் திருவிழாவில் நான் எடுத்த படங்களை மாட்டிப் போட்டிருந்த பர்மாப் படக் கொட்டகைக்குத் தீ வைத்தது, அதோ உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மொக்கம்மாள். கூடலூர்க்காரர். ஏன் வைத்தாய் என்று அவரைக் கேட்டீர்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

பர்மாவுக்கு நான் பிழைக்கப் போகவில்லை. அங்கே சனம் எப்படி வாழ்கிறது என்பதைப் படமாக்கிக் கொண்டுவந்து நம் ஊர்க்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் எண்ணம். விடிந்ததும் பாத்திரத்தோடு வரிசையாக வரும் பிக்குகள், கொண்டையில் பூ வைத்துக்கொண்டு மீன் விற்கும் பெண்கள், ஒருவர்மேல் ஒருவர் குடம் குடமாக ஊற்றிக்கொள்ளும் தண்ணீர்த் திருவிழா. இதையெல்லாம் வேறு யார் எடுத்துவரப் போகிறார்கள்?

மொக்கம்மாளின் புருஷன் சின்னக்கருப்பு அங்கே அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். ஊர்ப் பாசத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் என்னைக் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். நல்ல மனிதர்கள். அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

சப்பான்காரன் குண்டு போட்டதும் சனமெல்லாம் கால்நடையாகக் கிளம்பியது. நாங்கள் மூவரும் சேர்ந்தே நடந்தோம். பிரோம் என்ற ஊரைத் தாண்டினால் மலைப்பாதை. படச்சுருளும் படம் கழுவும் மருந்தும் இருந்த என் பெட்டியைப் பாதி வழி சின்னக்கருப்புதான் சுமந்தார். மலை ஏறியபின் அவருக்கு வாந்தியும் பேதியும் கண்டது. ஒரு மரத்தடியில் கிடத்தினோம். பக்கத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மொக்கம்மாள் பள்ளத்தில் இறங்கிப் போய், எங்கே தேடினாரோ, ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்தார். முழங்காலெல்லாம் சிராய்ப்பு. தன் வாயில் ஒரு சொட்டு விடவில்லை. மேலே மருந்து கொடுக்கிறார்கள் என்று வழியில் போன யாரோ சொன்னார்கள்.

"அண்ணே, நான் ஓடிப்போயி மருந்து வாங்கியாரேன். இவுகளுக்குக் கொஞ்சங் கொஞ்சமா ஊத்திக்கிட்டே இருங்க. நாக்கக் காயவிட்றாதீக."

"நீ போ தங்கச்சி. நான் பாத்துக்கிறேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் போனபிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஐராவதி ஆற்றைப் படகில் கடந்தபோதே ஈரம் ஏறியிருக்கிறது. படச்சுருள் புழுங்கி, ஒட்ட ஆரம்பித்திருந்தது. அன்றைக்கே கழுவாவிட்டால் போயிற்று. ரங்கூன் கடைத்தெரு எரிவதற்கு முன்னால் எடுத்த கடைசிப் படங்கள் அதில்தான் இருந்தன. அந்தத் தெரு இன்றைக்குப் பூமியில் இல்லை. நீங்கள் படித்தவர், இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

படம் கழுவ மருந்துப் பொடியைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். கழுவியபின் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நான் தூக்குவாளியை என் பக்கம் இழுத்ததைச் சின்னக்கருப்பு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சிகாமணி, ஒரு வாய் ஊத்துப்பா."

"மருந்து கலந்தாச்சு மாப்ளே. குடிச்சா ஆகாது" என்றேன்.

அப்போது இன்னும் கலக்கவில்லை.

பாதித் தண்ணீரில் மருந்தைக் கரைத்தேன். கறுப்புத் துணிப் பைக்குள் கையை விட்டு, சுருளை டப்பாவில் போட்டுக் கழுவினேன். மீதிப் பாதி வாளியில் தெளிவாகத்தான் இருந்தது. அதையும் அவர் கேட்டார். அலசாமல் விட்ட படம் நாளடைவில் மஞ்சள் பூத்து அழிந்துவிடும் அய்யா. பேதி கண்ட உடம்பில் ஊற்றுகிற தண்ணீர் தங்கவா போகிறது என்றும் தோன்றியது. அலசினேன். படங்கள் நன்றாக வந்திருந்தன.

திரும்பிப் பார்த்தபோது அவர் கை வாளியை நோக்கி நீண்டிருந்தது. உதடு வெடித்து, வாய் திறந்து, கண் மட்டும் அப்படி ஒரு உயிரோடு. இலைகளுக்கு நடுவே அந்த மாதிரி வெயில் விழுவது அபூர்வம். புதுச்சுருள் மாட்டி ஒரே ஒரு படம் எடுத்தேன்.

மொக்கம்மாள் வெறுங்கையோடு வந்து சேர்ந்தபோது மூச்சு அடங்கியிருந்தது. அவர் முதலில் அழவில்லை. வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"குடிச்சாகளாண்ணே?"

"முழுக்கக் குடிச்சுட்டு, நிம்மதியாத்தான் கண்ண மூடுனாரு தங்கச்சி."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மீதி மலையை ஏறினார். ஊரும் வந்து சேர்ந்தார். நான் அவருக்குச் செய்த பெரிய உதவி அது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

திருவிழாக் கொட்டகையில், மரத்தடியில் எடுத்த அந்தப் படத்தைப் பெரிதாக்கி நடுவில் மாட்டினேன். கீழே 'தாகம்' என்று எழுதினேன். சனம் மற்றப் படங்களைப் பார்த்துக்கொண்டே நகரும்; அதன் முன்னால் வந்ததும் நின்றுவிடும். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மொக்கம்மாள் கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்து வந்தவர், கூட்டத்தைப் பார்த்து உள்ளே வந்திருக்கிறார். படிக்கத் தெரியாது. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். அவர் வாசித்துச் சொன்னார்.

"குடிச்சாகன்னு சொன்னீகளேண்ணே" என்றார் என்னைப் பார்த்து. சத்தமே போடவில்லை. அப்படியே சட்டியிலிருந்த நெருப்பைப் படங்களின்மேல் கொட்டிவிட்டார்.

நடந்தது இதுதான். அவர் சுமந்துவந்த தண்ணீரை நான்தான் எடுத்தேன். கொடுத்திருந்தால் சின்னக்கருப்பு பிழைத்திருக்கலாம். கேட்டும் கொடுக்கவில்லை, பார்த்துக்கொண்டும் இருந்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். புகாரையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தங்கச்சியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆனால் உடனே அனுப்பிவிடாதீர்கள். கேமரா தப்பிவிட்டது, தோளில்தான் இருக்கிறது. முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள் அய்யா. சன்னல் வெளிச்சம் அவர்மேல் நன்றாக விழுகிறது.