வலப்பக்கம் நின்று வளர்த்த கைக்கு

காவாந்தண்டலம் குதிரைப் பண்ணையில் தாய்க்குதிரைக் கொட்டடியின் தலைமைச் சைஸ் (குதிரைப் பராமரிப்பாளர்) திருமதி சிட்டம்மாள் அவர்கள் பணி நிறைவு பெறும் நன்னாளில், உடன் உழைத்தோர் வாசித்தளிக்கும் மடல்

புல்லுக்கட்டோடு புகுந்து புகழோடு புறப்படுபவரே! முப்பத்து நான்கு ஆண்டுகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட குட்டிகளுக்கு முதல் மூச்சு வரும்போதே முகம் துடைத்துவிட்டவரே! கடிக்கும் குதிரையிடம் கனிவும், கதையளக்கும் ஆளிடம் கண்டிப்பும் காட்டியவரே! எங்கள் அக்காவே! வணக்கம்.

அவையோரே, மடல் என்றால் பூமாரி பொழிந்துவிட்டுப் போவது வழக்கம். நாங்கள் குதிரை லத்தி அள்ளிப் பிழைக்கிறவர்கள். நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் எங்களுக்குத் தெரிந்த புகழ்ச்சி. அதனால் அக்காவைச் சற்று நேரம் மேடையில் அமரவைத்துவிட்டு, உங்களிடம் அவர் கதையைச் சொல்கிறோம்.

இந்த ஆண்டு ஓடிய இரண்டு பந்தயத்திலும் முதலாவதாக வந்த நம் பெண்குதிரை சீவரம் ஸ்டாரின் வம்சத்தைப் பந்தயப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதுகின்றன. தகப்பன் அயர்லாந்தில் பிறந்த நார்த் பெல். தாய் நம் கொட்டடியின் வெல்வெட் ரெயின். தாயைப் பெற்றவள் புனேயில் ஓடிப் பேர் வாங்கியவள். எல்லாம் மெய். நல்ல ரத்தம் இல்லாமல் அந்த ஓட்டம் வராது. ஆனால் போன ஆண்டு மாசி மாதம் அதே ரத்தத்தைச் சொல்லித்தான் சீவரம் ஸ்டாரைக் கழித்துக்கட்ட இருந்தார்கள் என்பதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

பயிற்சிக்காகப் பெங்களூர்ப் பக்கம் போன குதிரை நாற்பதே நாளில் திரும்பி வந்தது. ஆள் ஏறப் போனாலே முன்னங்காலைத் தூக்கி நிற்கிறாள், இரண்டு பேரைக் கீழே தள்ளிவிட்டாள், தாய்வழிக் கோளாறு, திருந்தாது என்று கூடவே ஒரு கடிதமும் வந்தது. வெல்வெட்டு உதைக்கிறவள் என்பது ஊரறிந்த சேதி. ஆகவே எல்லோரும் நம்பினோம். சனிக்கிழமை தரகர் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்று முடிவாயிற்று. தரகர் கைக்குப் போன பந்தயக் குதிரை கல்யாண ஊர்வலத்துக்குப் போகும், கடற்கரைக்குப் போகும். பந்தயத்துக்கு மட்டும் திரும்பாது.

வியாழக்கிழமை காலை, குதிரை பழக்கும் ஜெகதீசன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவளருகே போனார். உலகத்தில் எந்தக் குதிரையிடமும் போவதுபோல இடப்பக்கமாகத்தான் போனார். தலைக்கு மேல் குளம்பு! குப்புற விழுந்து எழுந்தார். சத்தம் கேட்டுச் சிட்டம்மாள் ஓடிவந்து கழுத்தில் கை வைத்ததும் குதிரை பூனைபோல நின்றது.

"இன்னாக்கா, மந்திரம் கிந்திரம் போடுறியா? எனக்கு உதை, உனக்கு முத்தமா?"

"மூஞ்சிய கழுவிக்கினு வா, உனக்கும் குடுக்கும்" என்று சிரித்தவர், பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டார். தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்தார். குதிரையின் வலப்பக்கம். தன் இடக்கையைப் பார்த்தார். பிறகு வலக்கையைப் பார்த்தார். மணிக்கட்டு கோணிப்போன, முழுதாகத் திரும்பாத அந்த வலக்கையை.

சீவரம் ஸ்டார் பிறந்த பத்தாம் நாள் வெல்வெட்டு விட்ட உதையில் அந்த மணிக்கட்டு ஒடிந்தது. லீவு போட்டால் மறுபடியும் புல் அறுக்கப் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில், சுளுக்கு என்று சொல்லிவிட்டு, நாட்டு வைத்தியரிடம் எலும்புக் கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். குதிரையின் இடப்பக்கம் நின்று பிடிக்க வலக்கை வேண்டும். அது இல்லாததால் வலப்பக்கம் நின்று இடக்கையால் பிடித்தார். கட்டுப் பிரித்த பிறகும் கை வளையவில்லை, பழக்கமும் மாறவில்லை. கயிறு போட்டது, நடத்தியது, தேய்த்துவிட்டது, குளம்பு தூக்கியது எல்லாம் வலப்பக்கம். வேறு யாராவது இடப்பக்கம் வந்தால் குட்டி தலையை உதறும். "பொண்ணுக்குக் கூச்சம்" என்று நாங்களும் சிரித்தோம். உலகத்துக்கே முன்வாசலான பக்கம் அவளுக்கு மட்டும் யாரும் வராத பக்கமாகிப் போனது யாருக்கும் தெரியவில்லை. வளர்த்தவருக்கே அன்றுதான் தெரிந்தது.

அன்று மதியம் சிட்டம்மாள் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் சனிக்கிழமை குதிரை போய்விடும். பழி வெல்வெட்டின் ரத்தத்தோடு போய்விடும். வாயைத் திறந்தால் இரண்டு ஆண்டு மறைத்த பொய் வெளியே வரும். பணி நிறைவுக்கு ஒன்றேகால் ஆண்டு பாக்கி. பாத்திரத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு ஆபீசுக்கு நடந்தார். முன்வரிசையில் இருக்கும் மேனேஜர் ஸ்ரீகாந்த் சார் மன்னிக்க வேண்டும். அன்று அங்கே பேசியது பண்ணை முழுக்கக் கேட்டது.

"சார், அவ மேல தப்பு இல்ல. அவ அம்மா மேலயும் தப்பு இல்ல. என் கை மேல கீது தப்பு."

"என்ன உளறுற சிட்டம்மா?"

"சுளுக்குன்னு சொன்னேன் இல்ல? எலும்பு ஒடஞ்சிருந்துச்சு. சோத்தாங்கை வராம, குட்டிய அந்தாண்டப் பக்கமே நின்னு வளத்துட்டேன். இந்தாண்ட ஆள் வந்தா அதுக்கு இன்னாத் தெரியும்? பயப்படுது."

"ஒடஞ்ச கைய வச்சிக்கினு வெல்வெட்டு கொட்டடியில நின்னியா? இன்னொரு உதை உட்டிருந்தா உன் போட்டோவுக்கு மாலை போட்டிருப்பேன்!"

"போட்டுக்கோ சார். பொண்ண மட்டும் அனுப்பாத."

சார் மேசைக் காலண்டரைப் புரட்டினார். பிறகு, "ஒரு மாசம். இடப்பக்கமா ஆள் ஏறணும். இல்லன்னா அதுவும் கிளம்பும், நீயும் கிளம்பு" என்றார்.

அந்த ஒரு மாதம் எப்படிப் போனது என்று எங்களைக் கேளுங்கள்! முதல் வாரம் வலப்பக்கம் நின்றபடியே கழுத்துக்கு மேலாகக் கையை நீட்டி இடப்பக்கத்தைத் தடவினார். அடுத்த வாரம் மூக்குக்கு நேரே நின்றார். அதன்பிறகு சாண் சாணாக இடப்பக்கம் நகர்ந்தார். மடங்காத மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றி, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, அந்த வலக்கையாலேயே பிடித்தார். ஜெகதீசன் கூடவே இருந்து, நான்கு முறை லத்திக் குவியலில் விழுந்து எழுந்தார். இருபத்தேழாம் நாள் காலை இடப்பக்கமாக ஏறி உட்கார்ந்துவிட்டுக் கேட்டார்.

"அக்கா, ஏறிட்டேன். இப்ப எந்தப் பக்கம் எறங்கறது?"

"எறங்காத. எறங்குனா திரும்ப ஏறணும், பேஜாரு. குந்திக்கினே இரு!"

தரகர் வண்டி வரவே இல்லை. குதிரை மறுபடி பயிற்சிக்குப் போனது. மிச்சம் நீங்களும் அறிந்ததுதான். அவள் ஓடிய பந்தயத்தைத் தீவனக் கொட்டகையில் ஒரே செல்போனில் எட்டுப் பேர் எட்டி எட்டிப் பார்த்தோம். நான்கு குதிரை நீளம் முன்னால் அவள் கோட்டைத் தாண்டியபோது, அக்கா மட்டும் ஓட்டத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது எந்தப் பக்கம் பிடித்து நடத்துகிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து இப்பண்ணையில் பிறக்கும் எந்தக் குட்டிக்கும் இரண்டு பக்கமும் கை பழக்குகிறோம். கை கால் அடிபட்டவர் கட்டு அவிழும்வரை வீட்டில் இருக்கலாம், வேலை மாறாது என்று சாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அக்காவே! அஞ்சி மறைத்ததை அஞ்சாமல் உரைத்தவரே! பழியைப் பிராணியின் மேல் போடாமல் தன் கைமேல் வாங்கியவரே! பழையசீவரத்து வீட்டில் பாலாற்றுக் காற்றோடு பல்லாண்டு நோயின்றி இருங்கள். மழை நாளில் அந்த மணிக்கட்டு வலிக்காமல் இருக்கட்டும்.

இம்மடலை வாங்க எழுந்து வருவீர்கள். போன பொங்கல் விழாவில் பரிசைப் பிடிக்க முடியாத வலக்கையை நீட்டி, அது நழுவி, நீங்கள் வெட்கப்பட்டதைப் பார்த்தோம். இம்மடலுக்குப் போட்ட கண்ணாடிச் சட்டம் கனமானது. பெரியவர்கள் இருக்கும் சபை என்று யோசிக்காதீர்கள். எங்கள் ஜெகதீசன் இதை இடக்கையால்தான் தருவார். நீங்களும் இடக்கையால் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கைப்பழக்கத்தில் வளர்ந்த,
சைஸ்கள், புல் அறுப்போர், பழக்குநர்கள், காவலர்கள்,
காவாந்தண்டலம் குதிரைப் பண்ணை,
உத்திரமேரூர் வட்டம்.