ஓரத்துப் பங்கு

மாம்பழக் கிரம்பிள் செய்வதற்குப் பெரிய கைப்பக்குவம் எதுவும் வேண்டாம், ஐயா. பழத்தைத் துண்டு போட்டுத் தட்டில் பரப்ப வேண்டும். மைதாவில் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து, புட்டு மாவு மாதிரி உதிரியாகும் வரை விரல் நுனியால் பிசற வேண்டும். அதைப் பழத்தின் மேல் தூவி ஓவனில் வைத்தால் முக்கால் மணி நேரத்தில் மேலே மொறுமொறுப்பாகிவிடும். சமைக்கத் தெரியாதவர்களுக்கென்றே யாரோ கண்டுபிடித்த பலகாரம். அதனால்தான் சென்னம்மாவுக்கும் அது வந்தது.

சென்னம்மா என் தம்பி அண்ணாதுரையின் மனைவி. இப்போது இல்லை. உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் கிரம்பிள் என்ற சொல்லை மூன்று தடவை அடித்து எழுதுகிறார். அவருக்காக மெதுவாகவே சொல்கிறேன்.

எங்களுக்குச் சாத்தூர்ப் பக்கம். அம்மா சாகும்போது எனக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்கு ஏழு. நான் தீப்பெட்டி ஒட்டி அவனை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். எண்பத்து மூன்றில் அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும், சிப்காட் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு இரண்டு பேரும் வந்து சேர்ந்தோம். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் இழுத்து, தெலுங்கில் முடிக்கிற ஊர். அந்தக் கூட்டத்திலிருந்தா ஒருத்தியைப் பிடிப்பான் என்று நான் நினைக்கவேயில்லை. வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருக்கும் திம்மராயனின் மகள். பக்கத்துக் கம்பெனியில் ஒயர் சுற்றுகிற வேலை. போன தை மாதம் கட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

வந்த அன்றே என்னை அக்கா என்றாள். எங்கள் பக்கம் புருஷனின் அக்காவை மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு தடவை திருத்தினேன். மூன்றாவது தடவையும் அக்கா என்றாள். அப்புறம் திருத்துவதை விட்டுவிட்டேன்.

அவளுக்கு நிலக்கடலை ஆகாதாம். சின்ன வயதில் தின்று உதடு, தொண்டையெல்லாம் வீங்கி, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் உயிர் தப்பியதாகச் சொன்னாள். இன்னொரு தடவை தின்றால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் எச்சரித்தாராம். நான் கடலைக்காட்டில் பிறந்து வளர்ந்தவள். பச்சைக் கடலை தின்றே பசியாறியவள். கடலை தின்று செத்தவர் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. இதெல்லாம் புருஷனைப் பதற வைக்க ஒரு வேஷம் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பி அன்றைக்கே எங்கள் கடலை டப்பாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டு வீரலட்சுமியிடம் கொடுத்துவிட்டான். முப்பது வருஷமாகக் கடலைச் சட்னி அரைத்த கை, பொட்டுக்கடலைக்கு மாறியது.

கம்பெனி மகளிர் மன்றத்தில் கற்றுக்கொண்டு வந்துதான் அவள் முதலில் கிரம்பிள் செய்தாள். ஆயுத பூஜைக்குக் கம்பெனி கொடுத்த வட்ட ஓவன் அதுவரை பரணில்தான் கிடந்தது. தம்பி இரண்டு தடவை வாங்கித் தின்றான். "சென்னா, சூப்பர்" என்றான். என் குழம்பை அவன் ஒரு நாளும் சூப்பர் என்று சொன்னதில்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போவான், அவ்வளவுதான்.

வைகாசியில் தம்பியின் கம்பெனி குவார்ட்டர்ஸுக்கு விண்ணப்பம் எழுதினார்கள். அலமாரியைத் துடைக்கும்போது அதன் முதல் பக்கத்தைப் பார்த்தேன். குடும்ப உறுப்பினர் என்ற இடத்தில் மனைவி சென்னம்மா என்று அவள் கையெழுத்தில் இருந்தது. கீழே வெற்றிடம். தம்பியிடம் கேட்டேன்.

"பொண்டாட்டி, புள்ளைங்க, அப்பா அம்மா, இவ்வளவு பேருக்குத்தான் எடமாம்க்கா. கூடப் பொறந்தவங்களுக்குக் கிடையாதாம். சென்னா என்னமோ வழி பாக்கறேங்கிறா" என்றான்.

அவள் பார்க்கிற வழி எதுவென்று எனக்குத் தெரியாதா? சாத்தூருக்கு டிக்கெட் எடுத்து என்னை பஸ் ஏற்றுகிற வழி. இருபத்து நான்கு வருஷம் சோறாக்கிப் போட்டவள், ஒயர் சுற்றுகிறவளுக்காக ஒரே நாளில் வெளியே போக வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

ஆகவே அவள் வேஷத்தைக் கலைத்துக் காட்ட நினைத்தேன். கடலையைத் தின்ன வைத்து, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தம்பிக்குக் காட்ட வேண்டும். என் நோக்கம் அவ்வளவுதான். திம்மராயன் செந்தூரா பழம் ஒரு கூடை அனுப்பியிருந்தார். அவள் ஜுரம் என்று நான்கு நாள் லீவு போட்டு வீட்டிலிருந்தாள். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது. திங்கட்கிழமை காலையில் கடலை வறுத்து, பின்பக்கம் நின்று முறத்தில் தோலை ஊதிவிட்டு, பொடித்தேன். வீரலட்சுமி அதைப் பார்த்துவிட்டாள் என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அடுத்த வீட்டு முறத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை கிடையாது.

அந்த வாரம் தம்பிக்கு இரண்டாம் ஷிப்டு. பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு, ஒன்றரைக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுவான். எங்கள் வீட்டில் ஆம்பிளை முதலில், அப்புறம் நான், கடைசியில் அவள். இது நான் வைத்த முறை. முதல் ஷிப்டு வாரங்களில் மட்டும் இரண்டு பேரும் ஒரே தட்டில் தின்பார்கள். எனக்குத் தெரியாதென்று நினைப்பு.

தட்டின் நடுவிலிருந்து அவனுக்கு எடுத்து வைத்தேன். தின்றுவிட்டு, "நீ செஞ்சது அவளோடதவிட ஜோருக்கா" என்றான். அவன் போனதும் நானும் நடுவிலிருந்தே கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். ஓரத்தில் ஒட்டியிருந்த மொறுமொறுப்பை அவளுக்கு விட்டேன். தட்டை வழித்துத் தின்பது கடைசியில் சாப்பிடுகிறவளின் பங்கு. யார் வீட்டிலும் அப்படித்தான்.

தட்டைக் கையில் வாங்கியவள் கேட்டாள். "கடலக்கா ஒண்ணும் போடலீங்களே, அக்கா?"

"இல்ல. ஏலக்காதான்" என்றேன்.

"எனக்கு வாய் கசக்குதுன்னு செஞ்சீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். ஸ்பூனால் சுரண்டி, ஒரு துணுக்கு விடாமல் தின்றாள்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "அக்கா, நாக்கு தடிக்குதுக்கா. மூச்சு உட முடியல" என்றாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடப் பார்த்தாள். தெருவில் நின்று நாடகம் ஆடினால் எனக்குத்தானே மானக்கேடு? கதவைத் தாழ் போட்டேன். "ஒண்ணும் ஆவாது, தண்ணியக் குடிச்சிட்டுப் படு" என்றேன். அவள் தண்ணீரை விழுங்கவில்லை. முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. கதவைக் கையால் தட்டினாள். சத்தம் கேட்டு வீரலட்சுமி வெளியிலிருந்து, "என்ன தங்கமணி, என்ன சத்தம்?" என்றாள். "பாத்திரம் வுழுந்துருச்சு" என்றேன். அவளும் போய்விட்டாள். ஊருக்கெல்லாம் காது கொடுக்கிறவள், அன்றைக்குப் பார்த்து என் பேச்சை அப்படியே நம்பினாள்.

நான் தட்டைக் கழுவினேன். சர்க்கரைப் பாகு காய்ந்தால் விடாது, உடனே தேய்க்க வேண்டும். கழுவி முடிக்கும்போது கதவுப் பக்கம் சத்தம் நின்றிருந்தது.

சோதித்துப் பார்க்கத்தான் என்றால் கடலைப் பொடியை ஏன் ஓரத்தில் மட்டும் தூவினாய் என்று காலையில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. உங்களிடமிருந்து அதை நான் எதிர்பார்க்கவில்லை. நடுவிலும் போட்டிருந்தால் தம்பிக்கு முதல் வாயிலேயே வாசனை தெரிந்து, அவளைத் தடுத்திருப்பான். வேஷம் கலைவதைப் பார்க்க வேண்டியவனை நான் ஏன் பஸ் ஏற விட்டேன் என்றும் கேட்பீர்கள். கேட்க வேண்டாம். அவள் சொன்னது நிஜம் என்று எனக்குத் தெரியும், ஐயா. கல்யாணமான இரண்டாம் வாரம் வீரலட்சுமி வீட்டில் ஒரே ஒரு நிலக்கடலை தெரியாமல் வாயில் பட்டு, அவள் உதடு வீங்கியதைப் பார்த்தேன். உடனே துப்பியதால் பிழைத்தாள். கொல்லத்தான் செய்தேன். ரைட்டரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்த விண்ணப்பத்தை நீங்கள் கொண்டுவந்து காட்டியிருக்க வேண்டியதில்லை. இரண்டாம் பக்கத்தை இன்றுதான் பார்க்கிறேன். உடன் வசிக்கும் பெற்றோர் என்ற இடத்தில் அவள் கையெழுத்துதான் இருக்கிறது. பெயர் தங்கமணி, என் பெயர்தான். உறவு தாய். அவள் பார்த்த வழி இதுதானாம். எங்கள் அம்மா செத்து இருபத்து நான்கு வருஷம் ஆகிறது. கம்பெனிக்கு இப்படியா எழுதிக் கொடுப்பது? அவள் பொய்க்காரி என்று நான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருத்தரும் கேட்கவில்லை.