நம்பர் இல்லாத கியர்

துறைமுகச் சாலையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. உப்பு லாரிகளுக்கு முன்னால், ஆளுக்கொரு கியர் சைக்கிளோடு ஓர் அத்தானும் மச்சினனும் நின்றார்கள்.

"ஒன் கியர்ல நம்பரே இல்லியே மாப்ளே, எத்தனையில போறன்னு எப்படித் தெரியும்?"

"செயின் கத்துனா லீவரை இன்னும் கொஞ்சம் தள்ளுவேன் அத்தான். சத்தம் நின்னா கியர் விழுந்துட்டு."

"காதால ஓட்டுத சைக்கிளா? என்னுது ஒரு அமுக்குதான். டிக்குனு மாறும்."

"உப்புக்காத்து பட்டதுலருந்து ஒங்களுதுல டிக்கு மட்டுந்தான் கேக்கு. முத்தையாபுரத்துலருந்து கனமான ஏழுலயே நிக்கு."

"நாந்தாம்ல ஏழுல வச்சிருக்கேன்."

கேட் திறந்தது. லாரிகள் ஹாரன் அடித்தன. அத்தான் எழுந்து நின்று மிதித்தும் தண்டவாள மேட்டில் சைக்கிள் அசையவில்லை. இறங்கித் தள்ளினார்.

மச்சினன் மிதித்தபடியே கடந்துபோனான்.

"பாத்துத் தள்ளுங்க அத்தான், நம்பர் மாறிறப் போவுது."