பாசிக்குப் போட்ட தப்பு

வெம்பக்கோட்டையிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் அறிவியல் டீச்சர். சேலை நனைந்திருந்தது, மடியில் பச்சை நிறத்தில் தண்ணீர் நிறைந்த பாட்டில். மற்றவர் பட்டாசு கம்பெனியில் வேலை முடிந்து ஏறியவர்.

"இந்தப் பாட்டில்ல இருக்கிறது என் மடத்தனம்" என்றார் டீச்சர்.

"என்ன டீச்சர் இப்படிச் சொல்றீக?"

"ஓடுற ஆத்துலயும் தேங்குற அணையிலயும் ஒரே பாசிதான்னு பாடம் எடுத்தேன். உங்க மக பரீட்சையில, 'அணையில தண்ணி நின்னு சூடாகும், கண்ணுக்குத் தெரியாத மிதக்குற பாசி பெருகும், கல்லுல ஒட்டி வளர்ற பாசி குறைஞ்சிரும்'னு எழுதியிருந்தா. நான் தப்பு போட்டுட்டேன்."

"ஆமா, அன்னைக்கு அவ சோறே திங்கல. ஆத்துல துணி துவைக்கையில கல்லைத் தடவித் தடவிப் பார்ப்பா. கிறுக்கச்சின்னு நானும் வைவேன்."

"இன்னைக்கு வகுப்பையே அணைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆத்துக் கல்லுல சுரண்டுனதையும் அணைத் தண்ணியையும் மைக்ராஸ்கோப்புல பார்த்தா, அவ எழுதுனபடியே இருக்கு. எனக்குக் கூச்சமாப் போச்சு. யாருக்கும் தெரியாம நழுவிருவோம்னு திரும்பினேன், பாசி வழுக்கி அத்தனை பிள்ளைக முன்னாடியும் தண்ணியில உக்காந்துட்டேன்."

பட்டாசு கம்பெனிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சிரிங்க. உக்காந்த இடத்துலயே, 'ஏத்தா, நீ எழுதுனதுதான் சரி, நான்தான் தப்பு'ன்னு சத்தமாச் சொன்னேன்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"'சரி மிஸ், மொதல்ல எந்திரிங்க'ன்னு கையைக் குடுத்தா."