ரொட்டி எங்கே போச்சு

— அப்ப அந்த ஆபிரகாமும் தயிரையும் கறியையும் ஒண்ணாத்தான் வச்சாருங்கிறீங்க?

— நான் சொல்லல நீலா, அவ்னேர் பெரியவர் குடுத்த வேதப் புத்தகம் சொல்லுது. தயிர், பால், சமைச்ச கன்னுக்குட்டி. எடுத்துக்கிட்டுப் போய் விருந்தாளிங்க முன்னாடி வச்சாரு. மத்லப், அதாவது கோழியில தயிர ஊத்தினதுக்கு எந்தங்கச்சிய மேனேஜர் மண்டல் பாபு கிச்சன விட்டு நிறுத்தினா, முதல்ல ஆபிரகாமை நிறுத்தணும்.

— கன்னுக்குட்டியா? ஐயே, மெதுவாப் படிங்க. இப்பதான் சாப்பிட்டேன்.

— ஜானே தோ, விடுங்கண்ணே. எனக்காக வாதாட வேணாம். ஊத்தினது நான்தானே.

— நீ அரிசியைப் பொறுக்கு புஷ்பா. இந்த ஹேவ்லாக் தீவுல இஸ்ரேல்காரனுக்குச் சமைக்கிற கடை எத்தனை இருக்கு, சொல்லு. அத்தனையும் விட்டுட்டு அவ்னேர் பெரியவர் வருஷா வருஷம் நம்ம ரிசார்ட்டுக்கு வர்றதே உன் கை ருசிக்குத்தான். ஒரு நாள் தப்பினா குத்தமா?

— ஏங்க, அந்தாளு கோழிய யாரு அறுத்தான்னு கேக்குறதில்ல, கத்தி எதுன்னு கேக்குறதில்ல. கறியில பால் சேரக் கூடாது, அது ஒண்ணுதான் அவங்கம்மா வச்ச வழக்கம். அந்த ஒண்ணையும் காப்பாத்தலன்னா மண்டல் பாபுவுக்குக் கோபம் வரத்தான் செய்யும். நானும் இவ பக்கத்துல நிக்காம செவ்வாக்கிழமை பாத்து போர்ட் பிளேர் போய்த் தொலைச்சேன்.

— சரி, சட்டம் என்ன சொல்லுது? குட்டியை அதோட தாயோட பால்ல வேகவைக்காதே. கோழிக்கு ஏது பாலு?

— அதானே. கோழிக்கு ஏது பாலு?

— அதையும் கேட்டிருக்காங்க. ஒரு ஊர்ல கோழிய பாலோடதான் தின்னாங்களாம். அந்த ஊரு குரு ஒத்துக்கிட்டிருக்காரு. மத்த ஊர்க்காரங்க ஒத்துக்கல. பாத்தவனுக்குக் கோழி எது, ஆடு எதுன்னு குழப்பம் வந்துருமாம்.

— கோழிக்கும் ஆட்டுக்கும் குழம்புறவன எந்தக் கிச்சன்லயும் சேக்கக் கூடாது.

— ஆபிரகாமுக்கே வருவோம். இவங்க எல்லாத்துக்கும் மூத்த பாட்டன் எப்படிச் சேத்து வச்சாருன்னு அவங்களுக்கே தாங்கல. ஒரு உரை சொல்லுது, அப்ப சட்டம் இன்னும் வரல. இன்னொண்ணு, எது எது தயாராச்சோ அதை அதை முதல்ல கொண்டு வந்தாரு, தயிரு முதல்ல, கறி பின்னாடி. மூணாவது, வந்தவங்க மனுஷங்களே இல்ல, தேவதூதருங்க, சாப்பிடுற மாதிரி பாவனைதான் பண்ணாங்க.

— பாவனைக்காகவா ஒரு கன்னுக்குட்டி?

— சிரிக்காத. அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிரும். வெள்ளிக்கிழமை, பெரியவர் ஓய்வுநாள் வெளக்கு ஏத்துறதுக்குள்ள நான் அவருகிட்டப் போய் நிக்கணும்.

— போய் இந்தக் கன்னுக்குட்டிக் கதையச் சொல்லப் போறீங்களா?

— சொல்லியாச்சு. காலையில டியூட்டி முடிச்சதும் சொன்னேன். நல்லாச் சிரிச்சாரு. தயிர விடு சிவா, அதே பக்கத்துல ரொட்டி இருக்கு, அது எங்க போச்சுன்னு பாருன்னாரு. ரெண்டு உரை இருக்கு, எது சரின்னு வெளக்கு ஏத்துறதுக்குள்ள வந்து சொல்லு, மண்டல்கிட்ட நானே பேசுறேன்னாரு.

— அவ்வளவுதானா? படிச்சுச் சொல்ல வேண்டியதுதானே. பாதியில விட்டாலும் காலேஜ் பாத்த மனுஷன்.

— உன் பதில் வேணாம்னுட்டாரு. உன் வீட்டுப் பொம்பளைங்ககிட்டக் கேளு, அவங்க சொல்றதக் கொண்டு வான்னாரு. கிழவனுக்கு வெயில் ஏறிப்போச்சு, வேறென்ன.

— அண்ணி, அந்தத் தேங்காத் துருவல கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைங்களேன்.

— தள்ளியாச்சு. நீங்க படிங்க. மொதல்லருந்து படிங்க.

— ஆபிரகாம் கூடார வாசல்ல உக்காந்திருக்காரு. நல்ல வெயில். கடவுளே வந்து நிக்கிறாரு. அந்த நேரம் பாத்து மூணு பேரு தூரத்துல தெரியுறாங்க. கடவுள அப்படியே நிக்க வச்சிட்டு இவர் ஓடுறாரு.

— கடவுளையா?

— ஆமா. விருந்தாளியக் கவனிக்கிறது கடவுளைப் பாக்குறதைவிடப் பெருசுன்னு உரையில போட்டிருக்கு.

— மண்டல் பாபு காதுல விழுந்துரப் போகுது. தீபாவளிக்கும் லீவு குடுக்க மாட்டாரு.

— கொஞ்சம் ரொட்டி கொண்டாறேன், இருங்கங்கிறாரு. உள்ள ஓடிப் போய்ப் பொண்டாட்டி சாராகிட்ட, சீக்கிரம், நல்ல மாவா மூணு படி எடுத்துப் பிசை, ரொட்டி சுடுங்கிறாரு.

— மூணு பேருக்கு மூணு படியா? ஓடியாந்து சொல்றவருக்கு என்ன, பிசையுறவளுக்கில்ல தெரியும்.

— அப்புறம் மாட்டுக்கு ஓடுறாரு. கன்னு, தயிர், பால், எல்லாம் வைக்கிறாரு. அவங்க சாப்பிடுறாங்க.

— ரொட்டி?

— அதான் கேள்வி. ரொட்டி இல்ல.

— மாவு பிசைஞ்சாளா இல்லையா?

— பிசைஞ்சா. ஒரு உரை சொல்லுது: ரொட்டியும் வந்துச்சு. சொல்லாத தயிரையே கொண்டு வந்தவரு சொன்ன ரொட்டியக் கொண்டு வராம இருப்பாரா, அதைத் தனியா எழுதல, அவ்வளவுதான். எனக்கு இது சரியாப்படுது.

— உங்களுக்குப் படும். இன்னொண்ணு?

— இன்னொண்ணு வந்து... அது பொம்பளைங்க சமாச்சாரம்.

— இங்க யாரு ஆம்பளை, உங்களத் தவிர? சொல்லுங்க.

— பிசையும்போதே அவளுக்குத் தீட்டு வந்துருச்சாம். அந்தக் காலத்துக் கட்டுப்பாடு. மாவைத் தொடக் கூடாது, தொட்டத வைக்கக் கூடாது. ரொட்டி வரல.

— இதுல என்ன அதிசயம்? எங்க ராமநாதபுரத்துல ஒரு கல்யாணச் சமையலே இப்படி நின்னுருக்கு.

— அதிசயம் என்னன்னா அவளுக்குத் தொண்ணூறு வயசு. எப்பவோ நின்னு போனது. பிள்ளையே கெடையாது. அன்னைக்குத் திரும்ப வந்துருச்சு. அடுத்த வருஷம் உனக்குப் பிள்ளைன்னு வந்தவன் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே அவ உடம்புக்குத் தெரிஞ்சுபோச்சு. மத்லப், ரொட்டி வராததுதான் முதல் சேதி.

— ஆபிரகாம் வெளிய சொன்னாரா? மாவு கெட்டுப்போச்சு, இன்ன காரணம்னு?

— ஒரு வார்த்தை சொல்லல.

— அவருக்கே தெரியாதுன்னு வைங்க. கன்னுக்குட்டிய மூணு விதமா நோண்டின ஆளுங்கள்ல, அவளைப் பத்தி எவனாவது கேட்டானா?

— விருந்தாளி கேட்டாங்க. சாப்பிட்டுக்கிட்டே, உன் பொண்டாட்டி சாரா எங்கன்னு. கூடாரத்துல இருக்காங்கிறாரு. அவ கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டிருக்கா. பிள்ளை பொறக்கும்னதும் சிரிச்சுட்டா.

— ஏன் சிரிச்சா?

— கெழவிக்குப் பிள்ளைன்னா சிரிப்பு வராதா? ஏன் சிரிச்சான்னு கடவுள் கேட்டாரு. பயந்துபோய், நான் சிரிக்கலன்னா. இல்ல, நீ சிரிச்சேன்னாரு. இதுக்கு நாலு பக்கம் உரை... புஷ்பா, நீ ஏன் சிரிக்கிற?

— நான் சிரிக்கலண்ணே.

— சிரிச்ச. நான் பாத்தேன்.

— அரிசித் தூசி, மூக்குல ஏறிருச்சு.

— ஏங்க, கொஞ்சம் வாய மூடுங்க. புஷ்பா, இங்க பாரு. பெரியவருக்கு நீ எப்பவும் எதுல கொழம்பு வைப்ப?

— தேங்காப்பால்ல.

— செவ்வாக்கிழமை தேங்காய் இல்லையா?

— இருந்துச்சு.

— தயிர் எதுக்கு ஊத்தின? மூணு நாளா எல்லாரும் தயிர ஊத்தினே தயிர ஊத்தினேன்னு கத்துறோம். தேங்காய ஏன் விட்டேன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல.

— ...வாடை புடிக்கல அண்ணி.

— வாடை புடிக்கலன்னா மூக்கப் பொத்திக்கிட்டு ஊத்த வேண்டியதுதானே? அந்தமான்ல இருந்துக்கிட்டுத் தேங்காய் வாடை புடிக்கலங்கிறா. நல்லாருக்கே கதை.

— புத்தகத்த மூடுங்க. மூடுங்கன்னேன். இப்ப உங்க தங்கச்சி மொகத்தப் பாருங்க.

— பாத்தேன். என்ன?

— இன்னும் பாருங்க.

— ...புஷ்பா.

— அண்ணே, கத்தாதீங்க.

— நான் எங்க கத்துறேன்?

— எந்திரிச்சு நிக்கிறீங்க. துருவலக் கொட்டிட்டீங்க.

— கல்யாணம் ஆகிப் பதிமூணு வருஷம். ஸ்ரீதர் மாப்பிள்ளைக்குச் சொல்லியாச்சா?

— அவரு கப்பல் காம்ப்பெல் பே தாண்டி நிக்குது, சிக்னல் கெடைக்கல. ஞாயித்துக்கெழமை படகுத்துறையில எறங்குறாரு. மொதல்ல அவருக்குத்தான் சொல்லணும்னு இருந்தேன். போன தடவ ஊருக்கெல்லாம் சொல்லி, ஒரு மாசத்துல ஒவ்வொருத்தருக்கா போய் இல்லன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இந்தத் தடவ என்னால அது முடியாது.

— அதுக்காக வேலைய விட்டுட்டு அரிசி பொறுக்கிக்கிட்டு இருப்பியா? பைத்தியக்காரி. வா இப்படி. அழாத.

— அழல அண்ணி, சிரிக்கிறேன்.

— நீங்க எதுக்குக் கண்ணத் தொடைக்கிறீங்க?

— அரிசித் தூசி. இப்ப நான் என்ன செய்யுறது நீலா? தீட்டுதான் சரின்னு சொன்னா, அந்த மனுஷன் ஏன்னு கேப்பாரு. ஏன்னு சொன்னா இவ சொல்லாதேங்கிறா. சொல்லலன்னா மண்டல் பாபு இவள உள்ள விட மாட்டாரு.

— போய்ச் சொல்லுங்கண்ணே. ரொட்டி வரல, அதான் எங்க வீட்டுப் பொம்பளைங்க பதில்னு சொல்லுங்க. ஏன்னு கேக்க மாட்டாரு.

— அதெப்படிக் கேக்க மாட்டாரு? கேள்வி கேக்குறதுக்குன்னே பொறந்த ஆளு.

— தட்டத் திருப்பி அனுப்பிட்டு அன்னைக்குக் கிச்சனுக்கு வந்தாரு. உடைக்காம கெடந்த தேங்காயப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. நாலு பொண்ணு பெத்த மனுஷன்ணே. ஸ்ரீதர் வர்ற வரைக்கும் எங்கண்ணன்கிட்டக்கூட வாயத் தொறக்கக் கூடாதுன்னு நான்தான் அவருகிட்டச் சத்தியம் வாங்கினேன். வாயத் தொறக்காமலே மறுநாள் உங்க கையில புத்தகத்தக் குடுத்துட்டாரு.