பென்சில் கோபுரம்

— மெதுவா பேசுடி. காவலாளி பார்க்கறார்.

— பார்க்கட்டுமே. இருபத்தி ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம இந்தப் படத்து முன்னாடி வந்து நிக்கிறவதானேக்கா நான்? அவருக்கு இதுல என்ன புதுசு?

— நாளைக்கு நான் ரிட்டயர் ஆகறேன். நல்லபடியா போக விடு.

— தாராளமா போ. போறப்போ மேடையில ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. இந்த கோத்திக் சர்ச் பென்சில் படம் நூத்தி எண்பது வருஷத்துப் பழசு இல்லை, என் தங்கச்சி வரைஞ்சதுன்னு.

— பைத்தியமா உனக்கு?

— ஆமாமா, எனக்குத்தான் பைத்தியம். அசல் படத்து மேல காபியைக் கொட்டிட்டு, வேலை போயிடும்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதது யாரு? பழைய புத்தகத்துலேர்ந்து வெத்துத் தாளைக் கிழிச்சு, நாப்பது நாள் குனிஞ்ச தலை நிமிராம, போட்டோவைப் பார்த்துக் கோபுரத்துலேர்ந்து கூர் ஜன்னல் வரைக்கும் அப்படியே வரைஞ்சு குடுத்தது யாரு?

— நான் எதையும் மறக்கலடி.

— மறந்துட்டே! புத்தகத்துக்கெல்லாம் அட்டைப்படமா போட்டாங்க. கல்லு மூச்சு விடுதுன்னு எழுதினாங்க. எல்லாம் எவனோ செத்துப்போனவன் பேர்ல. உன்னைப் படிக்க வெச்சாங்க, நீ இந்த மியூசியத்துல அதிகாரி. என்னைக் கட்டிக் குடுத்தாங்க. வாழ்க்கையில நீ என்னத்தைக் கிழிச்சேன்னு என் வீட்டுக்காரர் கேக்கறப்பல்லாம் வாயை மூடிக்கிட்டு இருந்தேனே, எதை நெனைச்சு? இதோ, இதை நெனைச்சுத்தான்.

— தெரியும். அதனாலதான்டி...

— எதனால? நீ சொல்லலைன்னா நாளைக்கு நானே எழுந்து சொல்லுவேன். சட்டத்தைக் கழட்டி, தாளைச் சோதிச்சுப் பார்க்கட்டும்.

— வேணாம். அசிங்கப்படப்போறது நீதான்.

— நானா? காபியைக் கொட்டினது நீ!

— கொட்டினேன். நீ அங்க வரைஞ்ச நாப்பது நாளும் நான் இங்க அந்த அசல் படத்தைத் தண்ணியில ஊற வெச்சு ஊற வெச்சு எடுத்தேன். பென்சில் கோடு தண்ணிக்கு அழியாதுடி. கறை மட்டும் போயிடுச்சு.

— என்னக்கா உளர்றே?

— மறுநாள் நீ உன் படத்தோட வந்து நின்னே. கல்யாணத்துக்கப்புறம் உன் முகத்துல அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. சொல்ல எனக்கு வாய் வரலை.

— அப்போ... இது?

— இது அசல். உன்னோடது என் பீரோவுல, புடவைக்கு அடியில கிடக்கு.